பழைய டோசரில் செயின் ஒருபக்கமாக ஓடினால்: கோணலைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

திருநெல்வேலிச் சீமையில் குளம் தூர்வாரவும், விளைகளைச் சமன்படுத்தவும், குவாரியில் மேல்மண் தள்ளவும் பழைய டோசர் வாங்குகிறவர்களுக்கு முதல் பெரிய செலவு எஞ்சினில் வருவதில்லை. கீழே, செயின் (சக்கரத்துக்குப் பதிலாக வண்டி ஓடும் இரும்புப் பட்டை) ஓடும் பாகத்தில் வருகிறது. நான் வாங்கிய வண்டியில் இடப்பக்கச் செயின் திரும்பும்போதெல்லாம் கழன்று விழுந்தது. பார்த்தவர்கள் அனைவரும் செயின் தேய்ந்துவிட்டது, இரண்டு பக்கமும் புதிது போடுங்கள் என்றார்கள். உண்மையான கோளாறு, செயினைத் தாங்கும் சட்டமான டிராக் ஃபிரேமை வண்டியின் உடம்போடு இணைக்கும் டயகனல் பிரேஸ் என்ற சாய்வுக் கையின் புஷ்ஷில் (தண்டின் மேல் உட்காரும் உலோக வளையத்தில்) இருந்தது. அதைக் கண்டறிவதற்குள் வேலைக்காலம் பாதி போய்விட்டது.

கோணலாக நிற்கும் ஃபிரேமின் மேல் புதுச் செயினைப் போட்டால், பழைய செயின் எப்படித் தேய்ந்ததோ அப்படியே புதியதும் தேயும். ஆகவே அளவெடுப்பது முதலாவதாகவும், உடம்பை ஒட்டிய பாகங்களைச் சரிசெய்வது அடுத்ததாகவும், செயின் வாங்குவது கடைசியாகவும் இருக்க வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள்.

1. வேலைக்கான மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நம் பக்கத்தில் குளங்கள் வற்றிக் கிடக்கும் சித்திரை முதல் ஆனி வரை டோசருக்கு ஓய்வே இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் மண்வேலை தானாக நின்றுவிடும். கீழ்ப்பாகத்தைப் பிரிப்பதற்கு அதுவே ஏற்ற காலம். ஆனால் அளவெடுப்பதையும் பாகங்களுக்குச் சொல்லிவைப்பதையும் புரட்டாசியிலேயே முடித்துவிடுங்கள். ஆயுதபூஜையும் தீபாவளியும் அடுத்தடுத்து வருவதால் லேத் பட்டறைகளில் ஆள் கிடைப்பது அரிதாகும். அந்த இடைவெளியில் பிரித்துப் போட்ட வண்டி மழையில் நனைந்துகொண்டு நிற்கும்.

அளவெடுக்க ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். பாகம் கையில் இருந்தால், பிரேஸ் புஷ் வேலையை ஒரு நல்ல மெக்கானிக்கும் இரண்டு உதவியாளர்களும் மூன்று நான்கு நாட்களில் முடிக்கலாம். செயினை வெளியூர்ப் பிரஸ்ஸுக்கு (அழுத்து இயந்திரம் உள்ள பட்டறைக்கு) அனுப்ப வேண்டி வந்தால், போக்குவரத்தையும் அங்குள்ள வரிசையையும் சேர்த்து இரண்டு வாரமாவது கணக்கில் வையுங்கள்.

2. தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

இரும்புச் செயினில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் ஆர்.சி. புத்தகம் இல்லாமல், விலைச்சீட்டின் பேரிலேயே கைமாறுகின்றன. எனவே முதல் விலைச்சீட்டின் நகல், உங்களுக்கு விற்றவர் கையெழுத்திட்ட சீட்டு, கடன் இருந்திருந்தால் அது தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். வண்டியை லோபெட்டில் (தாழ்வான தளமுள்ள லாரியில்) ஏற்றி வழியில் நிறுத்தப்படும்போதும், காப்பீடு எடுக்கும்போதும் இவையே கேட்கப்படும். கட்டுமான இயந்திரக் காப்பீடு விபத்துச் சேதத்துக்கு உதவும். தேய்மானத்துக்குப் பணம் தராது. ஆகவே கீழ்ப்பாகச் செலவுக்கு அந்தப் பாலிசியை நம்ப வேண்டாம்.

அடுத்து, வண்டியின் மாடலும் சீரியல் எண்ணும் பொறித்த தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து புகைப்படம் எடுங்கள். ஒரே மாடல் பெயரில் வந்த வண்டிகளிலும் சீரியல் எண்ணைப் பொறுத்து ரோலர் (செயினின் மேல் வண்டியைத் தாங்கும் உருளை), புஷ் முதலியவை மாறும். நம் பக்கம் அதிகம் காணப்படும் பெமல் (பி.இ.எம்.எல்.) நிறுவனத்தின் டி80, டி50 வகைகள் ஜப்பானின் கோமாட்சு நிறுவன வடிவமைப்பில் வந்தவை. அவற்றின் பாகப் புத்தகமும் பழுதுபார்ப்புக் கையேடும் நகலாகக் கிடைக்கும். கையேட்டில் ஒவ்வொரு பாகத்துக்கும் புதிதான அளவும் மாற்ற வேண்டிய எல்லை அளவும் அட்டவணையாக இருக்கும். அந்தப் பக்கங்கள் இல்லாமல் பட்டறைக்குப் போனால், எதிரில் இருப்பவர் சொல்வதைத்தான் நீங்கள் கேட்க வேண்டியிருக்கும்.

3. கழுவி, நேராக ஓட்டி நிறுத்துங்கள்

ஃபிரேமுக்கும் ரோலருக்கும் நடுவில் இறுகிய மண்ணைச் சுரண்டி, தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலானால் எளிதாக உதிர்ந்துவிடும். சங்கரன்கோவில் கரிசல் காய்ந்து கல்லாகிப் போயிருக்கும். அதைக் கடப்பாரையால்தான் பெயர்க்க முடியும்.

பிறகு சிமென்ட் தளத்திலோ கெட்டியான சமதரையிலோ வண்டியை, ஸ்டியரிங் லீவரைத் தொடாமல், அதன் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம் முன்னோக்கி மெதுவாக ஓட்டி, பிரேக் மிதிக்காமல் தானாக நிற்க விடுங்கள். திரும்பிய உடனேயோ பின்னால் வந்த உடனேயோ அளந்தால் செயின் ஒருபக்கம் ஒதுங்கியிருக்கும். அந்த அளவு உங்களைத் தவறான பாகத்துக்கு இட்டுச் செல்லும். இது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. நின்ற பின் பிளேடைத் தரையில் இறக்கி, எஞ்சினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றுங்கள்.

4. எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்

இந்தப் படிக்குச் செலவே கிடையாது. ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்பிராக்கெட் (பின்னால் செயினை இழுக்கும் பல்சக்கரம்) பல்லின் இரு பக்கவாட்டு முகங்கள், ஐடலரின் (முன்னால் செயின் சுற்றிவரும் பல்லில்லாச் சக்கரத்தின்) நடு விளிம்பின் இரு பக்கங்கள், ரோலர் விளிம்புகளின் உட்புறம், செயின் லிங்குகளின் (கண்ணிகளின்) உட்சுவர் ஆகிய நான்கு இடங்களிலும் புதிதாக உராய்ந்த இரும்பு வெள்ளியாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை இடச் செயினுக்கும் வலச் செயினுக்கும் தனித்தனியாகத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு செயினிலும் ஒரே கைப்பக்கம், அதாவது இரண்டிலும் வலப்புறமோ இரண்டிலும் இடப்புறமோ தேய்ந்திருந்தால், ஃபிரேமைச் சந்தேகிக்கும் முன் வேலை செய்த இடத்தை விசாரியுங்கள். களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கத்து மலையடிவாரச் சரிவில் நாள் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து ஓடிய வண்டிக்கும், எப்போதும் ஒரே பக்கமாகத் திரும்புகிற பழக்கமுள்ள ஆப்பரேட்டர் ஓட்டிய வண்டிக்கும் இப்படித் தேய்மானம் வரும்.

ஒரே செயினில் ஐடலர் ஒரு பக்கமும் ஸ்பிராக்கெட் அதற்கு எதிர்ப்பக்கமும் தேய்ந்திருந்தால், பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஃபிரேமின் முன்முனை உள்ளே ஒடுங்கியிருக்கிறது அல்லது வெளியே விரிந்திருக்கிறது. ஐடலர் சரியாக இருந்து ஸ்பிராக்கெட் மட்டும் ஒருபுறம் தேய்ந்திருந்தால், ஃபிரேம் முழுவதும் பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். அல்லது ஸ்பிராக்கெட்டைத் தாங்கும் பேரிங் தளர்ந்திருக்கலாம். ஐடலரின் ஓடுபரப்பு ஒரு பக்கம் உயர்ந்தும் மறு பக்கம் தாழ்ந்தும் இருந்தால் ஐடலரே சாய்ந்து நிற்கிறது. ரோலருக்கு ரோலர் தேய்மானப் பக்கம் மாறி மாறி வந்தால், ஃபிரேம் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சந்தேகம் தீரவில்லையென்றால் அந்த நான்கு இடங்களிலும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, காய்ந்ததும் வண்டியைச் சமதரையில் சிறிது நேரம் முன்னும் பின்னும் நேராக ஓட்டுங்கள். பெயின்ட் முதலில் உரிந்த இடமே உரசும் இடம்.

5. நூல் பிடித்து அளவெடுங்கள்

கொத்தனார் வைத்திருக்கும் நூலும் தூக்குக்குண்டும், ஒரு டேப்பும், சாக்பீஸும் போதும். இரண்டு டிராக் ஃபிரேம்களின் உட்பக்கச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தை, முன்னால் ஐடலருக்கு அருகிலும் பின்னால் ஸ்பிராக்கெட்டுக்கு முன்பாகவும் ஒரே உயரத்தில் அளவெடுங்கள். வெல்டிங் மேடுகளையும் ஒட்டுத் தகடுகளையும் தவிர்த்து, தொழிற்சாலையில் கடைந்த பரப்பையே தேர்ந்தெடுங்கள். முன் அளவும் பின் அளவும் ஒத்துப்போக வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடு வரை பொறுக்கலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் பாருங்கள்.

அந்த அளவு கோணல் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். எந்த ஃபிரேம் நகர்ந்தது என்று அறிய வண்டியின் நடுக்கோடு வேண்டும். முன்னால் ஈக்வலைசர் பாரின் (இரு ஃபிரேம்களையும் குறுக்கே இணைக்கும் தண்டின்) நடுப் பின்னிலிருந்தும், பின்னால் ஸ்டியரிங் கேஸின் (வண்டியைத் திருப்பும் கிளட்ச் உள்ள பெட்டியின்) நடுவிலிருந்தும் தூக்குக்குண்டு இறக்கி, தரையில் இரு புள்ளிகளைக் குறித்து நூலால் இணையுங்கள். இரண்டு ஃபிரேம்களின் முன்முனை, பின்முனை ஆகியவற்றிலிருந்தும் தூக்குக்குண்டு இறக்கி, அந்த நூலுக்குள்ள தூரத்தை அளந்தால் குற்றமுள்ள பக்கம் தெரிந்துவிடும்.

நின்ற நிலையில் அளவு சரியாக இருந்தும் ஓட்டத்தில் செயின் கழலும் வண்டிகள் உண்டு. அவற்றில் கோணல் சுமை ஏறும்போது மட்டும் வரும். வண்டியைத் தூக்கி ரயில் ஸ்லீப்பர் கட்டைகளின் மேல் உட்கார வைத்து, செயின் தரையைத் தொடாத நிலையில், இரு ஃபிரேம்களின் முன்முனைகளுக்கு இடையே ஜாக்கியைக் கிடையாக வைத்து மெதுவாக விரியுங்கள். ஜாக்கியைத் தளர்த்தும்போது ஃபிரேம் எவ்வளவு திரும்பி வருகிறது என்று டயல் கேஜ் (நுண்ணிய நகர்வைக் காட்டும் கருவி) வைத்தோ, நிலையான ஒரு குறியை வைத்தோ பாருங்கள். எங்கள் வண்டியில் கோளாறு பிடிபட்டது இந்தச் சோதனையில்தான். ஒரு மெக்கானிக் இதைச் செய்யாமல் விலை சொன்னால் வேறொருவரைத் தேடுங்கள்.

6. செயினைத் தளர்த்தும் முன்பு உயிரைப் பார்த்துக்கொள்ளுங்கள்

செயினை இறுக்கும் கிரீஸ் சிலிண்டருக்குள் மிக அதிக அழுத்தம் இருக்கும். கிரீஸ் வெளியேற்றும் பிளக்கை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். அதற்கு நேராக முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். கிரீஸ் வரவில்லையென்றால் பிளக்கை இன்னும் திருப்பாமல், வண்டியை முன்னும் பின்னும் சிறிது நகர்த்துங்கள். பாய்ந்து வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போகும். காயம் ஊசிமுனை அளவே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஃபிரேமுக்குள் இருக்கும் ரீகாயில் ஸ்பிரிங் (ஐடலரின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங்) பல டன் விசையில் அழுத்தி வைக்கப்பட்டது. அதன் போல்ட்டைக் கேஸ் கட்டர் வைத்து வெட்ட முன்வருகிறவரைப் பட்டறைக்குள் விடாதீர்கள். ஸ்பிரிங்கைத் தனியே பிரிப்பது அதற்கான பிரஸ் உள்ள இடத்தில் மட்டுமே நடக்க வேண்டும்.

செயினைக் கழற்ற மாஸ்டர் பின்னை (செயினின் இரு முனைகளையும் இணைக்கும் பின்னை) ஐடலருக்கு முன்னால், ஏறக்குறைய நடு உயரத்துக்கு வருமாறு ஓட்டி நிறுத்தி, அதன் அடியில் செயின் பிளேட்டுக்கு (செயினில் தரையைத் தொடும் தகட்டுக்கு) கட்டை கொடுங்கள். பின் வெளியே வந்ததும் மேற்பக்கச் செயின் சரிந்து விழும். முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

7. பிரேஸையும் ஃபிரேமையும் சரிசெய்யுங்கள்

பழைய வகை டோசர்களில் ஃபிரேமை நேராகப் பிடித்து வைப்பது டயகனல் பிரேஸ். அதன் உள்முனை உடம்போடு சேரும் இடத்தில் உள்ள புஷ் தேய்ந்தால், பின்னால் இரண்டு மூன்று மில்லிமீட்டராக இருக்கும் ஆட்டம் முன்னால் ஐடலரிடம் பல மடங்காகப் பெருகும். மூடியைக் கழற்றி, புஷ்ஷின் உள்விட்டத்தையும், அது உட்காரும் தண்டின் வெளிவிட்டத்தையும் மைக்ரோமீட்டரால் பல திசைகளில் அளக்கச் சொல்லுங்கள். தண்டு முட்டை வடிவில் தேய்ந்திருந்தால், புதுப் புஷ் மட்டும் போடுவதில் பயனில்லை. தண்டையும் பில்டப் செய்து (வெல்டிங்கால் மேடேற்றி) கடைய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மூடிக்கு அடியில் இருந்த ஷிம்களை (இடைவெளியை நிரப்பும் மெல்லிய தகடுகளை) எண்ணி, எந்தப் பக்கத்தில் எத்தனை இருந்தன என்று எழுதி வையுங்கள்.

பிரேஸ் ஃபிரேமோடு வெல்டிங் ஆகியிருக்கும் மூலையில் கீறல் இருக்கும் வாய்ப்பு அதிகம். பெயின்டைச் சுரண்டி, டை பெனட்ரன்ட் (கீறலைக் காட்டும் சாயம்) தெளித்துப் பாருங்கள். வெல்டிங் வேண்டியிருந்தால் கீறலை முழு ஆழத்துக்கும் குடைந்து, சூடேற்றி, உலர வைத்த 7018 வெல்டிங் ராடால் அடிக்க வேண்டும். மேலே ஒரு பட்டை இழுத்து மூடுவது வீண். எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டச் சொல்லுங்கள். தொலைவில் மாட்டினால் மின்சாரம் ஃபைனல் டிரைவ் (ஸ்பிராக்கெட்டைச் சுழற்றும் கியர் பெட்டி) பேரிங் வழியாகப் பாய்ந்து அதையும் கெடுக்கும்.

ஃபிரேமே வளைந்திருந்தால் அதைக் கண்ணால் பார்த்துச் சூடேற்றி நிமிர்த்துவதாகச் சொல்பவரை நம்பாதீர்கள். ஃபிரேமைக் கழற்றி மேடையில் வைத்து, நூல் பிடித்து, ரோலர் உட்காரும் இடங்கள் ஒரே மட்டத்தில் வரும்வரை சரிசெய்ய வேண்டும். இதற்கு கிரேனும் பெரிய பிரஸ்ஸும் தேவை. பேட்டை தொழிற்பேட்டைப் பகுதியில் இந்த அளவு வேலையை எடுப்பவர் கிடைக்காவிட்டால் மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போக நேரும். அப்போது முழு வண்டியையும் ஏற்றாமல் ஃபிரேமை மட்டும் அனுப்புங்கள்.

8. ஸ்பிராக்கெட், ஐடலர், ரோலர்

ஃபிரேம் நேரானதும் மீண்டும் அளவெடுங்கள். ஸ்பிராக்கெட்டைக் கடப்பாரையால் உள்ளும் புறமும் நெம்பிப் பார்த்து ஆட்டம் இருந்தால் ஃபைனல் டிரைவ் பேரிங்கையும் சீலையும் கவனிக்க வேண்டும்; கியர் ஆயிலில் இரும்புத்தூள் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஸ்பிராக்கெட்டை வெட்டி, புது ரிம் வைத்து வெல்டிங் செய்வது நம் பக்கம் சாதாரணமாக நடக்கிறது. அதைச் செய்யலாம், ஆனால் ஒரே மூச்சில் சுற்றி அடித்தால் ரிம் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும். எதிரெதிர் இடங்களில் சிறிது சிறிதாக அடித்து, இடையிடையே சுழற்றிப் பல்லின் பக்கவாட்டு ஓட்டத்தை அளக்க வேண்டும்.

ஐடலர் சரிவதற்குப் பெரும்பாலும் காரணம், அது முன்னும் பின்னும் நகரும் வழியில் உள்ள கைட் பிளேட்டுகளின் தேய்மானம். கோமாட்சு வடிவமைப்பில் வந்த பல வண்டிகளின் கையேடு, கைட் பிளேட்டுக்கும் ஃபிரேமுக்கும் இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் போனால் ஷிம் எடுத்து அரை மில்லிமீட்டர் அளவுக்குக் கொண்டுவரச் சொல்கிறது. இடப்புறமும் வலப்புறமும் சமமாக எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் இடைவெளி குறைந்ததுபோல் தெரியும், ஐடலர் நடுவை விட்டு விலகிவிடும். வேலைக்கு ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால், இவ்வளவு பலன் தரும் படி வேறொன்றும் இல்லை.

ரோலர்களைக் கழற்றும் முன் வரிசையைச் சாக்பீஸால் ஃபிரேமிலேயே எழுதுங்கள். ஒற்றை விளிம்பு, இரட்டை விளிம்பு என்று இருவகை உண்டு. எது எங்கே என்பது பாகப் புத்தகத்தில் இருக்கும். ஸ்பிராக்கெட்டை ஒட்டிய இடத்தில் இரட்டை விளிம்பு ரோலரைப் போட்டால் உரசும். பழைய வண்டிகளில் முந்தைய உரிமையாளர்கள் கையில் கிடைத்ததை மாட்டியிருப்பார்கள். ஆகவே கழற்றிய வரிசையையே சரியான வரிசை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

9. இப்போது செயினை அளங்கள்

ஸ்பிராக்கெட் பல்லில் ஒரு இரும்புப் பின்னைக் கொடுத்து, வண்டியைப் பின்னோக்கி மெல்ல நகர்த்தி மேற்பக்கச் செயினை விறைப்பாக்குங்கள். மாஸ்டர் பின் வராத இடத்தில், ஒரு பின்னின் விளிம்பிலிருந்து அதற்கு அடுத்த நான்காவது பின்னின் அதே விளிம்பு வரை அளந்து நான்கால் வகுத்தால் பிட்ச் (ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையிலான தூரம்) கிடைக்கும். டி80 வகையில் புதுச் செயினின் பிட்ச் 216 மி.மீ.; ஒரு பிட்ச்சுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. நீண்டுவிட்டால் எல்லைக்கு வந்துவிட்டது.

எல்லைக்கு வரும் முன்பே பிடித்தால் பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் தள்ளி, தேயாத பக்கம் ஸ்பிராக்கெட்டைப் பார்க்குமாறு 180 டிகிரி திருப்பிப் போடலாம். புஷ்ஷின் சுவர் விரிசல் கண்ட பிறகு இது முடியாது. செயினைத் தரையில் நீட்டி நூல் பிடித்துப் பாருங்கள்; பாம்புபோல் வளைந்து கிடந்தால் ஃபிரேம் எவ்வளவு நேராக இருந்தாலும் அது கழலும். மாற்றும்போது இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினை ஓட்டாதீர்கள்.

10. செலவும் ரசீதும்

செலவில் செயின் பெரும்பங்கு. பிரேஸ் புஷ், ஷிம், கைட் பிளேட் ஆகியவை அதற்கு முன் மிகச் சிறியவை. பலர் கணக்கில் விடுவது மற்றவற்றை: லோபெட் போக வர, கிரேன் வாடகை, லேத் கூலி, ஆப்பரேட்டருக்கு வேலையில்லாத நாட்களின் பேட்டா. பெரிய டோசர் இருபது டன்னைச் சுற்றி எடையுள்ளது. அதை நகர்த்தும் செலவே சில சமயம் புஷ் விலையைத் தாண்டும். எனவே பிரேஸ் வேலையை வண்டி நிற்கும் இடத்திலேயே முடிக்க முயலுங்கள்.

பாகத்துக்கும் பழுதுக்கூலிக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், விலை கேட்கும்போது வரியோடா, வரி நீங்கலாகவா என்று எழுத்தில் வாங்குங்கள். தமிழ்நாட்டுக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்கும், வெளிமாநிலத்திலிருந்து வரும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கும் இ-வே பில் (சரக்கைக் கொண்டுசெல்வதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராக இருந்து செயினைக் கூலிவேலைக்கு வெளிமாநிலம் அனுப்பினால், மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் தேவை; கூடவே டெலிவரி செலானும் போக வேண்டும். செலானில் லிங்குகளின் எண்ணிக்கையையும், இட, வலச் செயின்களில் பஞ்ச் அடித்த குறியையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் வேறொருவரின் செயின் திரும்பி வந்தாலும் நிரூபிக்க முடியாது.

பட்டறையின் வேலைச்சீட்டில் "ஃபிரேம் அலைன்மென்ட் செய்தது" என்ற ஒற்றை வரியை ஏற்காதீர்கள். பிரிக்கும் முன் இருந்த முன், பின் அளவுகளும், கூட்டிய பின் வந்த அளவுகளும் அதில் இருக்க வேண்டும். கடைசித் தவணையை இரண்டாவது அளவெடுப்பு உங்கள் கண்முன் நடந்த பிறகு கொடுங்கள்.

11. கூட்டிய பின்

செயின் பிளேட் போல்ட்டுகளைக் கையேடு சொல்லும் தொடக்க டார்க்குக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்கி, பிறகு மேலும் மூன்றில் ஒரு சுற்றுத் திருப்ப வேண்டும். பழைய போல்ட்டைத் திரும்பப் போட வேண்டாம். ஐடலருக்கும் மேல் ரோலருக்கும் குறுக்கே நேரான கம்பியை வைத்து, நடுவில் செயின் எவ்வளவு தொய்கிறது என்று அளவெடுங்கள். கோமாட்சு வகைகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஈரக் கரிசலில் வேலை என்றால் அந்த மண்ணோடு ஓட்டிய பிறகு மறுபடியும் பாருங்கள், ஏனெனில் பல்லிடுக்கில் இறுகும் களிமண் செயினைத் தானாகவே விறைப்பாக்கிவிடும்.

நான்காவது படியில் சொன்ன பெயின்ட் சோதனையை இப்போது மீண்டும் செய்யுங்கள்; இரு பக்கமும் சமமாக உரிந்தால் வண்டியை வேலைக்கு அனுப்பலாம். முதல் சில நாள் ஓட்டத்துக்குப் பின் பிளேட் போல்ட்டுகளையும், பிரேஸ் மூடிப் போல்ட்டுகளையும், ரோலர் போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். கழற்றிய பழைய புஷ், ஷிம், கைட் பிளேட் ஆகியவற்றை இந்தச் சரிபார்ப்பு முடியும்வரை எடைக்குப் போடாமல், இடம் எழுதிய துண்டுத் தாளோடு சாக்கில் கட்டி வையுங்கள். மறுபடியும் கோணல் தெரிந்தால் எந்தப் பாகம் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று ஒப்பிட அவை தேவைப்படும்.